இரண்டு நாள் தலைவர் இன்னாசி

என் சின்னம்மா மகன் இன்னாசி, எண்ணூர் முகத்துவாரத்தில் இறால் வலை போட்டுப் பிழைத்தவன். எங்கள் குப்பத்துக்கு இரண்டே நாள் தலைவனாக இருந்தவனும் அவன்தான்.

அவன் வலை போடும் இடத்தில் கழிவு வெந்நீர்க் குழாய் இறக்க ஒரு கம்பெனி ஊர்ச் சம்மதம் கேட்டது. குப்பத்தில் நாற்பத்துநாலு வீடு. கூட்டத்தில் வீட்டுக்கு ஒரு கை. குழாய் வேண்டாமென்று இன்னாசி பக்கம் இருபத்துநாலு வீடு. வேண்டுமென்று தலைவர் ஹென்றி பக்கம் இருபது. ஹென்றி யார்? எங்கள் பெரியப்பா மகள் கிறிஸ்டினாவைக் கட்டியவர். அந்தக் கல்யாணத்தில் அவருக்கு மோதிரம் போட்டவனே இன்னாசிதான்.

சனிக்கிழமை, ஊர் முத்திரையை மாதா கோயில் வாசலில் வைத்துவிட்டு ஹென்றி சொன்னார்: "நீயே நடத்து மச்சான்."

பொறுப்பில் உட்காரும் ஒன்பது பேரும் கூட்டத்தில் கை தூக்கக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். பொதுவான ஆட்களாம். இன்னாசி, தன்னையும் சேர்த்து, ஒன்பது இடத்திலும் தன் ஆட்களையே வைத்தான்.

மாலையோடு வந்தவனை மனைவி ஐரீன் பிடித்துக்கொண்டாள். "ஒம்பது பேரும் நம்மாளுன்னா, கைய எவன் தூக்குவான்?"

"பொறுப்பு தரலன்னா நம்மாளுங்களே மூஞ்ச தூக்கிக்குவானுங்க. ஹென்றியே பயந்து ஓடிட்டான், நீ இன்னா பேஜாரு பண்ணிக்கினு கீற?"

திங்கட்கிழமை சாயங்காலம் கூட்டம். புதுத் தலைவர் வேண்டாம், குழாய் வரட்டும் என்று ஹென்றி இரண்டையும் சேர்த்தே கேட்டார். பொறுப்பிலிருந்து இறங்கிய அவர் ஆட்களும் சேர்ந்து இருபது கை எழுந்தது. எதிரில் பதினைந்துதான். இன்னாசி தன் கையையும் தூக்கினான்.

"எறக்கு மச்சான்," ஹென்றி சிரித்தார். "தலைவருக்கு ஏது கை?"

முதலில் கம்பெனியின் சம்மதக் காகிதத்தில் முத்திரை விழுந்தது. அதற்குப் பிறகுதான் ஹென்றி நாற்காலியில் உட்கார்ந்தார்.

கனடாவில் இருக்கும் ஐரீனின் அண்ணன் மகன் ஜெரால்ட் போனில் சமாதானம் சொன்னான். "வுடு மாமா. இந்த ஊர்லயும் அந்தக் காலத்துல ஒரு மந்திரிசபை ரெண்டே நாள்ல கவுந்துது. மந்திரியானவன் சபையில எடத்த வுட்டுட்டு மறுபடி ஜெயிச்சு வரணும்னு சட்டம். வோட்டு போட ஆள் பத்தல."

"அவனுங்க வலையில வெந்நீர வுட்டாங்களா நைனா?" என்று கேட்டுவிட்டு இன்னாசி போனை ஐரீனிடம் கொடுத்தான்.

இப்போது அந்தக் குழாய்க்கு இன்னாசிதான் வாட்ச்மேன். வேலை வாங்கிக் கொடுத்தவர் ஹென்றி. ஊர்க் கூட்டத்தில் கை தூக்க அவனுக்குத் திரும்பவும் உரிமை இருக்கிறது. கூட்டம் நடக்கும் நேரம் அவன் டூட்டியில் இருப்பான்.