சோழவரத்தின் நாலாம் நம்பர்

செங்கம் ரோட்டில் வந்து இருசப்பன் வீடு எது என்று கேட்டால் ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். ‘சோழவரம்’ வீடு என்று கேட்க வேண்டும். அப்போதுதான் சிரித்துக்கொண்டே கை காட்டுவார்கள். ஆசிரமத்தைத் தாண்டி ஒரு தகரக் கொட்டகை. லாரிக்கும் டிராக்டருக்கும் கிளட்ச் மாற்றுகிற மெக்கானிக் அவன். கொட்டகையின் பின்பக்கம் தார்ப்பாய் போர்த்தி ஒரு சிவப்புக் கார் நின்றதே, அதனால் வந்த பட்டம்தான் அந்தச் சோழவரம்.

அதெல்லாம் ஒரு காலம்! எழுபதுகளின் தொடக்கத்தில் மெட்ராஸில் ஒரு கார் கம்பெனியின் ரேஸ் பிரிவில் இருசப்பன் ஃபிட்டராக இருந்தான். பந்தயத்துக்கென்றே கம்பெனி கையால் கட்டிய கார்களில் நாலாம் நம்பர் இவன் கையில் உருவானது. சோழவரம் பந்தய ஓடுதளத்தில் அது முதலாவதாக வந்தபோது கூட்டம் இவனையும் தோளில் தூக்கிக்கொண்டது. ரேஸ் ஆயிலின் விளக்கெண்ணெய் வாசனை சட்டையை எத்தனை தடவை துவைத்தும் போகவில்லை. போகவும் வேண்டாம் என்றுதான் இருந்தது அவனுக்கு.

கம்பெனி ஒருநாள் ரேஸ் பிரிவை மூடிவிட்டது. “நாலாம் நம்பரை நீயே ஊருக்கு எடுத்துட்டுப் போ இருசப்பா. கேக்கும்போது குடுத்துடு,” என்றார் மேனேஜர். தந்துவிடுகிறேன் என்று இவனும் வாக்குக் கொடுத்தான். வருஷங்கள் ஓடின. கேட்டுத்தான் யாரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காரை வெளியே எடுத்து, செங்கம் பக்கம் ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வருவான். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஊர் நம்பினால்தானே? “வேலூர்ல காயலான் கடையில பொறுக்கின வண்டி. செவப்பு பெயிண்ட் அடிச்சா ரேஸ் காரா?” என்பான் டீக்கடை சடையன். இருசப்பன் வாயைத் திறக்க மாட்டான். அவன் பெண்டாட்டி உண்ணாமலை சும்மா விடுவாளா? தண்ணீர்க் குழாயடியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சண்டைக்கு நிற்பாள். “என் வூட்டுக்காரு பொய் சொல்ல மாட்டாரு, அது நெஜ வண்டிதான்,” என்று கத்திக் கத்தியே அவளுக்குத் தொண்டை கட்டும்.

எண்பத்து நாலில் கம்பெனியிலிருந்து சக்கரபாணி என்ற இன்ஜினீயர் வந்தார். பழைய ரேஸ் கார்களைத் தேடிப் பிடித்து கம்பெனியின் காட்சி மண்டபத்தில் வைக்கப் போகிறார்களாம். ரேஸ் காரில் எடை குறைக்கப் போடுகிற மாதிரி சாதாரணக் காரில் நாலு ஓட்டை போட்டு, இதுதான் அது என்று ஏமாற்றியவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். அதனால் மனுஷர் கதவுத் தகட்டைத் தட்டிப் பார்த்தார், அடியில் படுத்து வெல்டிங் வைத்த இடங்களைத் தடவினார். முகம் மலர்ந்துகொண்டே வந்தது. கடைசியில் ஸ்டியரிங்குக்குக் கீழே நம்பர் தகட்டைத் தேடினார். பித்தளைத் தகடு இருந்தது. கண்ணாடி மாதிரி மின்னியது. அதில் ஒரு எழுத்தும் இல்லை.

“வெள்ளிக்கெழமை வெளக்கு தேய்க்கும்போது அதையும் புளி, செங்கப்பொடி போட்டுத் தேய்ப்பேனுங்க,” என்றாள் உண்ணாமலை. “பித்தளையாச்சே, கறுத்துப்போக வுடலாமா?”

சக்கரபாணி தலையில் அடித்துக்கொள்ளாத குறை. ஆனால் நல்ல மனுஷர், சிரித்துவிட்டார். “போகட்டும்மா. போலி பண்றவங்களுக்காகவே சேசிஸ்ல இன்னொரு எடத்துலயும் நம்பர் அடிச்சிருக்கோம். வண்டிக்கு வண்டி எடம் மாறும். அடிச்ச ஃபிட்டருக்குத்தான் தெரியும். இருசப்பன், அத மட்டும் காட்டுங்க. உங்க பேரையும் போட்டு மண்டபத்துல வச்சிடுறோம்.”

தெருவே கூடி நின்றது. இருசப்பன் மெதுவாகக் கேட்டான்: “எடுத்துட்டுப் போயி ஓட்டுவீங்களா சார்?”

“ஓட்டுறதா? ஆயிலு, பெட்ரோலு எல்லாத்தையும் வடிச்சிட்டு கண்ணாடிக்குள்ள வச்சிடுவோம்.”

பின்பக்கத்து வலது ஸ்பிரிங்குக்கு மேலே, கை மட்டும் நுழைகிற சந்து. அவனே உளி பிடித்து அடித்த இடம், மறக்குமா? வாயைத் திறந்தால் இத்தனை வருஷக் கேலிக்கும் முடிவு. திறந்தால் வண்டி போய்விடும், இனி அது ஓடவும் ஓடாது.

“மறந்துபோச்சு சார்,” என்றான்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. “நான் இன்னா சொன்னேன்?” என்று துள்ளினான் சடையன். சக்கரபாணி காரின் மேல் கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டு நின்றார். “நானும் இதுதான்னு நெனச்சேன்,” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். கொடுத்த வாக்கைத் தின்றுவிட்டோமே என்று இருசப்பனுக்கு உடம்பு கூசியது. அவர் இருந்த திசையை நிமிர்ந்து பார்க்கக்கூட முடியவில்லை.

கூட்டம் கலைந்ததும் உண்ணாமலை வந்தாள். கண் சிவந்திருந்தது. “இன்னாய்யா, நெஜமாவே மறந்துட்டியா?”

அவன் அவள் கையைப் பிடித்து அந்தச் சந்துக்குள் விட்டான். விரல் தடவியது. பெயிண்டுக்கு அடியில் மேடும் பள்ளமுமாக எழுத்துகள்.

“அடப்பாவி மனுசா!” என்றாள். கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, “எடு வண்டிய,” என்றாள். அதுவரை அவள் அதில் ஏறியதே இல்லை. ஓட்டுகிறவனுக்குத்தான் அதில் சீட்டு. பக்கத்தில் காலி மல்லாட்டைச் சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

டீக்கடையைத் தாண்டும்போது சடையன் சத்தம் போட்டான்: “டேய், டூப்ளிகேட் போகுது பாருடா!”

உண்ணாமலை தலையை வெளியே நீட்டினாள். “ஆமாம்பா, டூப்ளிகேட்டுதான்! இப்ப இன்னாங்கிற?” என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

இருசப்பன் கியரை மாற்றினான்.