அப்புக்குட்டியின் ஃபக்ஸ் புல்

அப்புக்குட்டி,

உன்னை இந்தப் பெயரால் கூப்பிட இனி நான் ஒருத்திதான் இருக்கிறேன். நீ செத்த முப்பத்தோராம் நாளுக்கு, உன் நினைவாகக் கல்வெட்டுப் புத்தகம் அடிக்கிறார்கள். பிறந்த ஊரையும் வளர்ந்த விதத்தையும் எழுதித் தரச் சொன்னார்கள். அதை உன் கூட்டாளிகள் எழுதட்டும். ஐந்தாம் வகுப்போடு நின்ற உன் அக்காவுக்கு உன் புல்லைப் பற்றித்தான் எழுத வருகிறது.

செய்தி வந்தபோது இங்கே நொர்வேயில், ட்வெய்ட்டாவில் நான் வேலை செய்கிற பள்ளிக்கூடத்து விறாந்தையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். தொலைபேசி எடுத்தவர் ஊலாவ், உனக்கு நிலம் குத்தகைக்குத் தந்த கிழவர். எனக்கு விளங்கவேண்டும் என்று எப்போதும் மெதுவாகக் கதைக்கிறவர். அன்று இன்னும் மெதுவாகக் கதைத்தார். வேலிக் கட்டை அடித்துக்கொண்டு நின்ற நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய், எழும்பவில்லை. விளங்கின பிறகும் நான் துடைப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அது உண்மையாகிவிடும் போல இருந்தது.

இதை வாசிக்கிற உங்களில் பலருக்கு என் தம்பி ஒரு பகிடி. திராமன் நகரத்துக்கு அங்காலே, தண்ணீர் நிற்காத மணல் சரிவில், ஆடு வளர்க்கவென்று புல் விதைத்தவன். அந்தப் புல்லுக்கு நொர்வே மொழியில் பிளாஃபக்ஸ் என்று பெயர். அதைத் தமிழ்க் கடையில் போய்ச் சொன்னது நான்தான். "ஃபக்ஸோ? அப்ப ஆட்டிறைச்சியும் கடிதம் மாதிரி ஃபக்ஸ் மெசினிலை வருமோ, அக்கா?" என்றார் கடைக்காரர். அன்றிலிருந்து அவன் ஃபக்ஸ் அண்ணை ஆனான். கோபிக்கவில்லை. பிளா என்றால் இலை, ஃபக்ஸ் என்றால் குதிரையின் பிடரி மயிர் என்று வீட்டுக்கு வீடு விளக்கினான். அதற்கும் சிரித்தீர்கள்.

முதல் வருஷம் களைதான் முளைத்தது. உழுதுபோட்டு பார்லி விதைப்போம் என்றார் ஊலாவ். தம்பி என்னைக் கூட்டிக்கொண்டு போய், களைக்குள் மண்டியிட்டு ஒரு மெல்லிய இலையைக் காட்டினான். அதன் நடுவில், ஆட்டுக்குட்டியின் பல்லுப் பட்டது போல ஒரு மடிப்பு.

"இந்த அடையாளம் இருந்தால் அது என்ரை பிள்ளை, அக்கா. இப்ப கீழை வேர் ஓடுது. பொறுங்கோ."

ஊலாவிடம் கெஞ்சி இன்னும் இரண்டு கோடை வாங்கினான். அதற்குள் பனி கொட்டுகிற மாரிகாலம் முழுவதற்கும் ஆடுகளுக்குப் போதுமான காய்ந்த புல் வராவிட்டால் நிலத்தை உழுதுவிடுவதென்று பேச்சு.

போன கோடையில் உங்களில் சிலர் உதவிக்கு வந்தீர்கள். நல்ல மனதோடு, கதிர் வரமுன்னமே ஒரு மூலையை வெட்டிப்போட்டீர்கள். பிந்தி வெட்டின மற்ற இடமெல்லாம் திரும்பத் தழைத்தது, அந்த மூலை தழைக்கவில்லை. அவன் ஒருவரையும் ஏசவில்லை. கதிர் வந்த பிறகு, மற்ற இடத்தை வெட்டமுன்னம், தண்டுகளை விரலால் விலக்கி, அடியில் கிளம்புகிற புது முளையைக் காட்டினான். "இந்த முளை வந்தால்தான் வெட்டலாம். கீழை பாக்காமல் மேலை வெட்டக்கூடாது" என்று மட்டும் சொன்னான்.

இரண்டாவது கோடை இதுதான், அப்புக்குட்டி. புல் என் இடுப்பளவு நிற்கிறது. ஊதாக் கதிர் காற்றில் சாய்கிறது. குதிரைப் பிடரி என்று நீ சொன்னது இப்போதுதான் தெரிகிறது. உனக்குக் காட்ட வழியில்லை.

அயலவர்கள் தங்கள் புல்லை வெட்டி முடித்துவிட்டார்கள். பின்னேரம் ஊலாவ் தொலைபேசி எடுத்து, மெசினைக் கொண்டுவரட்டுமா என்று கேட்பார். நாளைக்குச் சொல்கிறேன் என்பேன். அடுத்த பின்னேரமும் அதே கேள்வி, அதே பதில். முந்தி வெட்டினால் இரண்டாம் தரம் தழைக்காது. பிந்தினால் தண்டு தடித்துவிடும், ஆடுகள் முகர்ந்துபோட்டுப் போய்விடும். எப்படிப் பிழைபோனாலும் நிலம் போகும், பனிக்கு முன் ஆடுகளை இறைச்சிக்குக் கொடுக்கவேண்டும். அவற்றையும் கொடுத்துவிட்டு நான் எந்த வீட்டுக்குத் திரும்பி வருவது? நீ போன பிறகு என் குரலுக்குத் திரும்பிப் பார்க்கிறது அவை மட்டும்தான்.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அந்த ஆடுகள், என் காலுக்குப் பெரிதான உன் ரப்பர் சப்பாத்து, குனிந்து கீழே பார்க்கிற பழக்கம். இன்று காலையும் ஹவுகெட்டோ நிலையத்தில் ரயிலேறிப் போய், நீ மண்டியிட்ட இடத்தில் மண்டியிட்டேன். தண்டுகளை விலக்கினேன். அடியில் வெள்ளையாக ஒரு முனை தெரிந்தது. விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பழைய தண்டின் மிச்சமாகவும் இருக்கலாம். உன் விரலுக்குத் தெரிந்தது என் விரலுக்குத் தெரியவில்லை. மழைக்கு வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஊலாவ் வரம்பில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புக்குட்டி, இது முளைதானே? வெட்டச் சொல்லட்டோ?