அக்காவின் கம்ப்யூட்டரை அணைக்கப் பயந்தேன்

அக்கா செத்த பிறகு அவளுடைய கம்ப்யூட்டரை நான் அணைக்கவே இல்லை. அணைத்தால் மறுபடி வருமோ வராதோ என்று பயம். காய்ச்சலோடு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போன அன்று காலையில் அவள்தான் கடைசியாக அதைப் போட்டது. பாதி வேலையில் எழுந்தாள். "வந்து முடிச்சிக்கிறேன், எதையும் தொடாத" என்றாள். வரவில்லை.

அதற்குள் இருந்தவை புடவைக் கரைகள். எங்கள் தெருவில் பவர்லூம் இல்லாத வீடு குறைவு. கரையில் வருகிற பூவையும் மயிலையும் அக்கா எங்கள் வீட்டில் உட்கார்ந்து திரையில் கட்டம் கட்டமாக வரைவாள். அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை போடுவார்கள். எந்த இழையைத் தூக்க வேண்டும் என்று தறிக்குச் சொல்வது அந்த அட்டைதான். எங்கள் அப்பா, நைனா, ஓட்டுகிற தறிகளும் அவள் டிசைனில்தான் ஓடின. பழைய மெஷினை வாங்கி, விண்டோஸுக்குப் பதில் காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸைப் போட்டு, எல்லாம் அவளே கற்றுக்கொண்டு செய்தாள். நான் எட்டாவதோடு நின்றவன். இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அவள் வரைந்தவற்றுக்கு வேறு எங்கேயும் நகல் கிடையாது. பெட்டி போனால் எல்லாம் போகும்.

அந்தப் பெட்டி தினமும் ஹேங் ஆக ஆரம்பித்தது.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் திரை அப்படியே நிற்கும். மவுஸ் நகராது. மேலே மூலையில் மணி ஓடாது. ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான், எங்களை வெளியே நிற்கச் சொன்னார்கள், திரும்ப உள்ளே கூப்பிட்டபோது முடிந்துபோயிருந்தது. நான் பட்டனை அழுத்திப் பிடித்து நிறுத்துவேன், சாமியை வேண்டிக்கொண்டு மறுபடி போடுவேன். வரும். மறுபடியும் அணைக்காமல் விட்டுவிட்டு வேலைக்குப் போவேன்.

அக்காவின் வீட்டுக்காரர், எங்கள் பாவா, கே.ஜி.கண்டிகைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அவள் போனதிலிருந்து மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான்.

"இன்னாடா, பொட்டி மறுபடி மொறைக்குதா?"

"ஆங் பாவா. அசைய மாட்டேங்குது."

"நீ அது எதுர்ல கைய கட்டிகினு நிக்கிறத பாத்தா அதுக்கே பயமா இருக்கும்."

ஒரு நாள் போட்டபோது படம் வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரிவரியாக ஓடியது. போன் கேமராவைக் காட்டினால் தமிழில் மாற்றிக் காட்டும் என்று தெரியும், காட்டினேன். 'அனாதையை அழிக்கிறது' என்று வந்தது. அடுத்த வரியிலும் அனாதையை அழிக்கிறது. அதற்கடுத்த வரியிலும். அக்காவின் டிசைன்களைத்தான் ஒவ்வொன்றாக அழிக்கிறது என்று நினைத்தேன். வரைந்தவள் போய்விட்டாள், அப்படியென்றால் அவை அனாதைதானே. ஓடிப்போய்ச் சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினேன்.

பிறகுதான் தெரிந்தது, சட்டென்று நின்றுபோன மெஷின் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும்போது அப்படித்தான் எழுதுமாம். பாதியில் அறுந்துபோன துணுக்குகளைக் கூட்டித் தள்ளுவதற்கு அந்தப் பெயர். சரியாகிக்கொண்டிருந்ததை நான் நடுவில் பிடுங்கியிருக்கிறேன். அதற்கப்புறம் அந்தக் கறுப்புத் திரையைத் தாண்டி அது வரவே இல்லை.

பாவா ஆட்டோவில் ஏற்றி அரக்கோணத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனார். மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் போட்டுப் பார்த்தார்.

"லினக்ஸா? யாரு இதெல்லாம் போட்டது? ஃபார்மட் அடிச்சி விண்டோஸ் போட்டுத் தரேன். உள்ள கீறதுக்கு நான் பொறுப்பில்ல."

பாவா என்னைப் பார்த்தார். "அடிச்சிடலாம்டா. எத்தினி நாளு இத கட்டிகினு அழுவ?"

"உங்களுக்கு வாணாமா பாவா, அவ வரைஞ்சது?"

அவர் பெட்டியைத் தூக்கிப்போய் ஆட்டோவில் வைத்தார்.

அக்கா லினக்ஸ் போட்ட பென்டிரைவ் அவள் டப்பாவிலேயே இருந்தது. தமிழில் ஒருவர் சொல்லிக்கொடுக்கும் வீடியோவைப் போனில் ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்தி, நானே புதிதாகப் போட உட்கார்ந்தேன். முதலில் வந்த கேள்வியிலேயே வீடியோவை நிறுத்தினேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போடவா என்று கேட்டது, அந்த வரியில்தான் ஏற்கெனவே புள்ளி வைத்திருந்தது. அதை விட்டு 'வேறு ஏதாவது' என்பதைத் தொட வேண்டுமாம். டிஸ்க் இரண்டு துண்டாக இருந்தது. சின்னத் துண்டில் லினக்ஸ், பெரிய துண்டில் அவள் ஃபைல்கள். சின்னதை மட்டும் அழிக்கலாம், பெரியதை அழிக்கிற கட்டத்தில் டிக் இருக்கவே கூடாது. டிக் இல்லை என்று பார்த்தேன். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். நைனாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இங்க டிக்கு கீதா நைனா?"

"எனக்கு இன்னாடா தெரியும். கட்டம் காலியா கீது."

"காலிதானே?"

"காலிதான்டா. கண்ணு நல்லாத்தான் கீது எனக்கு."

பிறகு உங்கள் பெயர் என்ன என்று கேட்டது. என் பெயரைப் போட்டால் எனக்கென்று ஒரு புது அறையைத் திறக்கும், அவளுடைய அறை பூட்டியே கிடக்கும் என்று வீடியோவில் சொன்னார். அக்காவின் பெயரை அடித்தேன். முடிந்து திரை வந்ததும் அவள் பெயரைச் சொல்லி வரவேற்றது. உள்ளே எல்லாக் கரைகளும் இருந்தன.

உடனே புதுப் பென்டிரைவில் நகலெடுக்கப் போட்டேன். நீளமான வேலை. பார்த்துக்கொண்டிருக்கத் தைரியம் இல்லாமல் தறிப் பக்கம் போய்விட்டேன். திரும்பி வந்தால், எவ்வளவு முடிந்தது என்று காட்டுகிற கோடு பாதியில் நின்றிருந்தது. மவுஸ் நகரவில்லை.

லினக்ஸில்தான் கோளாறு, புதிதாகப் போட்டால் சரியாகும் என்று நம்பியிருந்தேன். இப்போது நம்புவதற்கு எதுவும் இல்லை. பயந்து பயந்துதான் பட்டனை அழுத்தி மறுபடி போட்டேன். இந்த முறை அது தன்னைச் சரிசெய்து முடிக்கும் வரை கையைத் தொடையின் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கோயிலில் கிருத்திகைக் கூட்டம் ஓய்ந்த மறுநாள் சவாரி இல்லை என்று பாவா எங்கள் வீட்டிலேயே இருந்தார். அந்தப் பெட்டியில் ஒரு படம் போட்டு முழுக்கப் பார்த்தார். அது முடிந்ததும் இன்னொன்று. பெட்டி ஹேங் ஆகவில்லை.

"நீ தொட்டா நிக்குது, நான் தொட்டா ஓடுது பாரு. கைராசிடா."

"அந்த ராசிய ஆட்டோ மேல காட்றதுதானே" என்றார் நைனா, தறியிலிருந்து தலையைத் தூக்காமல்.

பாவா சிரித்தார். அவள் போன பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அப்போதுதான். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, அவர் சொன்னதிலேயே நின்றுவிட்டேன். அக்கா வரையும்போது எப்போதும் பாட்டு ஓடும். வேலை முடிந்தால் கரண்டு செலவாகிறதென்று அணைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். சும்மா விட்டவன் நான் ஒருவன்தான். இது நின்றதெல்லாம் யாரும் எதிரில் இல்லாமல், பாட்டோ படமோ ஓடாமல் கிடந்தபோது.

"பாவா, பாட்டு போட்டுட்டு எல்லாரும் வெளிய போயிடலாம்."

"எங்க?"

"எங்கயாவது. டீ குடிக்க."

போனோம். டீயைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். திரும்பி வரும்போது தெருவில் தறிச் சத்தத்தை மீறி எங்கள் வீட்டுப் பாட்டு கேட்கிறதா என்று காது கொடுத்தபடி நடந்தேன். வாசலுக்கு வந்ததும் கேட்டது.

இந்த மாதிரிச் சில மெஷின்கள் சும்மா இருக்கும்போதும், நகலெடுப்பது மாதிரி மெதுவான வேலையின் இடைவெளியிலும் கரண்டைக் குறைத்து ஒரு தூக்கத்துக்குப் போகும், அதிலிருந்து எழுந்திருக்கத் தெரியாமல் நின்றுவிடும் என்று பிறகு போனில் தேடிப் படித்தேன். அன்றைக்கு அதெல்லாம் தெரியாது. பாட்டை நிறுத்தாமல் மறுபடி நகலெடுக்கப் போட்டோம். நானும் பாவாவும் பக்கத்திலேயே உட்கார்ந்தோம். கோடு ஒரு இடத்தில் கொஞ்சம் தயங்கியது. பாவா என் முழங்கையைப் பிடித்தார். பிறகு நகர்ந்தது. முடிந்தது.

பென்டிரைவைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன்.

"இதுல பூரா கீதா?"

"ஆங் பாவா. எல்லாமே."

சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். அதை எடுத்து என் கையில் வைத்து விரல்களை மூடினார்.

"நாள் பூரா ஆட்டோவுல குலுங்கிகினு கீறவன்டா. எங்கனா வுழுந்துடுமோன்னு பயமா கீது. நீயே வச்சிக்க."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. வாங்கிக்கொண்டேன்.