குளிர்ந்த எஞ்சினும் என் முகமும்

என் கணவர் விட்டுப்போனவை இரண்டு. கடற்கரைக்கு வருகிற வெளியூர்க்காரர்களை மணலில் ஏற்றிச் சுற்றி வருவதற்காக அவர் வாங்கிய நாலு சக்கர ஏ.டி.வி. ஒன்று. இன்னொன்று நான். இரண்டையும் இப்போது அவருடைய தம்பிதான் பார்த்துக்கொள்கிறார். வண்டியைக் காலையில் வெளியே எடுக்கிறார். என்னைக் காலையில் உள்ளே இருக்கச் சொல்கிறார்.

அது பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி, பெட்ரோலோடு எண்ணெயும் கலந்து ஊற்ற வேண்டும். கயிற்றைச் சுண்டி இழுத்துத்தான் கிளப்ப வேண்டும். அதை வாங்கத்தான் என் வளையல்கள் போயின. அவர் இருந்தவரை ஒழுங்காகக் கிளம்பிக்கொண்டிருந்தது. அவர் போன பிறகு வந்த முதல் மார்கழியில் அடம்பிடிக்க ஆரம்பித்தது. என் கொழுந்தனார் தோள் விட்டுப்போகும் வரை இழுப்பார். பிளக்கைக் கழற்றித் துடைப்பார், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார், மறுபடி இழுப்பார். ஒருவழியாகப் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பும்போது வெயில் ஏறியிருக்கும். விடிகாலையில் வந்த பெங்களூர்க்காரர்கள் வேறு வண்டிகளில் ஏறிப் போயிருப்பார்கள்.

எங்கள் ஆட்கள் கடலுக்குப் போகும்போது தாலியறுத்தவள் எதிரே வரக்கூடாது. அது பழைய வழக்கம். படகுக்கு இருந்த அந்தச் சகுனத்தை நாலு சக்கரத்துக்கும் மாற்றிவிட முடியும் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் என் ஓரகத்தி அடுப்படிக்கு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. அவரு வண்டிய எடுக்கிற வரிக்கும் கொஞ்சம் உள்ளயே இருங்க. சத்தம் கேட்டதும் வெளிய வாங்க."

அன்றிலிருந்து அடுப்படிக் கதவு சாத்தப்பட்டது. கயிறு இழுபடுகிற சத்தத்தையும், எஞ்சின் இருமி அடங்குகிற சத்தத்தையும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பேன். நான் வேலைக்குப் போகிற கம்பெனி வேனைத் தவறவிட்ட நாட்கள் உண்டு. கொழுந்தனார் கெட்டவர் இல்லை. சாப்பாட்டில் குறை வைத்ததில்லை, குரலை உயர்த்தியதில்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டு ஆறியிருப்பேன். மரியாதையோடு ஒதுக்கி வைக்கிறவரை என்ன செய்வது?

ஒருமுறை கேட்டேவிட்டேன். "பத்து மணிக்கு நான்தான கடற்கரைக்கு டீ எடுத்தாறேன் ஞாயித்துக்கெழமைல. அப்ப நான் பக்கத்துலயே நிக்கிறேன், ஒரே இழுப்புல கெளம்புது. அது எப்படி?"

"அண்ணி, காலைல மொதமொத முழிக்கிற மூஞ்சிதான் கணக்கு," என்றார் கொழுந்தனார். கோபமே இல்லாமல், பால்கணக்குச் சொல்வது போல.

அவர் பதிலிலேயே விஷயம் இருந்தது. காலையில் மட்டும் கிளம்பவில்லை, சூடானபின் கிளம்புகிறது என்றால் குளிர்ந்த எஞ்சினில்தான் ஏதோ கோளாறு. அதைத் தேடுவதற்குப் பதிலாக என் முகத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். அதைவிட அவமானம், எனக்கே சந்தேகம் வந்ததுதான். கண்ணாடியில் தலைவாரும்போது, ஒருவேளை இருக்குமோ என்று பார்த்திருக்கிறேன். பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற கார்புரேட்டரா, என் முகமா? இதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த வீட்டில் சோறு இறங்காது என்று ஆகிவிட்டது.

பொங்கல் கழித்து அவர்கள் இருவரும் ஓரகத்தியின் அம்மா வீட்டுக்குப் போனார்கள். விடிந்ததும் நான் எழுந்து நேரே போய் வண்டியின் முன்னால் நின்றேன். அன்று அது முழித்த முதல் முகம் என்னுடையது. வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை.

முதலில் எண்ணெயைத்தான் சந்தேகப்பட்டேன். கடல் காற்றுக்குத் தாங்கட்டும் என்று படகு எஞ்சினுக்குச் செய்வது போலவே கொழுந்தனார் பெட்ரோலில் எண்ணெயை அள்ளி ஊற்றுவார். டேங்கைக் காலி செய்து, அளவாக எண்ணெய் கலந்து ஊற்றி, புது பிளக்கும் போட்டு இழுத்தேன். கிளம்பவில்லை. மறுபடி இழுத்தேன். இருமல்கூட வரவில்லை. கதவுக்குப் பின்னால் போய் நின்றுவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

மழைக்காலத்தில் படகு எஞ்சின் மக்கர் பண்ணினால் ஆண்கள் அதன் காற்று வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கிளப்புவதைப் பார்த்திருக்கிறேன். காற்று குறைந்தால் பெட்ரோல் கூடுதலாக ஏறும். குளிர்ந்த எஞ்சினுக்கு அதுதான் வேண்டும். காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு, கோணலாகக் குந்தி, இடது கையால் கார்புரேட்டரின் வாயைப் பொத்தி, வலது கையால் கயிற்றைச் சுண்டினேன்.

கிளம்பியது. உள்ளங்கையெல்லாம் பெட்ரோல் ஈரம். கையை மெல்ல எடுத்தேன், எஞ்சின் நிற்கவில்லை. முகம் ஆகாது என்றார்கள், கையும் ஆகாது என்றுதான் நினைத்திருப்பார்கள். அந்தக் கை பட்டுத்தான் அது கிளம்பியது. நான் அழுதேன். சந்தோஷத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

என் கை செய்த வேலையைச் செய்ய வேண்டியது சோக். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். சோக் லீவரைத் தூக்கினால் உள்ளே ஒரு சின்னத் தட்டு திரும்பிக் காற்று வழியை அடைக்க வேண்டும். லீவர் மேலே வந்தது, தட்டு அசையவே இல்லை. தட்டைப் பிடித்திருந்த திருகு தளர்ந்திருந்தது. இத்தனை நாளும் கொழுந்தனார் வெளியே லீவரைத் தூக்கிவிட்டு, சோக் போட்டாயிற்று என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

எங்கள் கடற்கரைக்குப் பக்கத்திலேயே இருக்கிற மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் எனக்குத் தண்ணீர் பம்புகளுக்குத் திருகு முடுக்குகிற வேலை. முடுக்கியதும் மேலே ஒரு பொட்டு பெயின்ட் வைப்போம், தளர்ந்தால் தெரிவதற்காக. வீட்டில் பெயின்ட் இல்லை. ஓரகத்தியின் சிவப்பு நகப்பாலிஷ் அலமாரியில் இருந்தது. திருகை முடுக்கி, அதில் ஒரு பொட்டு வைத்தேன். மறுநாள் காலை, பனியில் நனைந்து கிடந்த வண்டி, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரே இழுப்பில் கிளம்பியது.

அவர்கள் திரும்பி வந்ததும் கொழுந்தனாரை உட்கார வைத்து எல்லாவற்றையும் காட்டினேன். லீவரைத் தூக்கச் சொல்லி, தட்டு திரும்புவதைப் பார்க்கச் சொன்னேன். ரெண்டு விடியலும் நான்தான் முன்னால் நின்று கிளப்பினேன் என்பதையும் விடாமல் சொன்னேன். அவர் குனிந்து பார்த்தார். மெச்சிக்கொண்டார்.

"இந்தத் தட்டுதானா? இது தெரியாம போச்சே! கெட்டிக்காரி அண்ணி நீங்க."

மனசு கொஞ்சம் இளகியது. அப்படியானால் நாளைக் காலையிலிருந்து நான் வெளியே வரலாம்தானே என்று கேட்டேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். தர்மசங்கடமாகச் சிரித்தார்.

"அது வேற, இது வேற அண்ணி. ரிப்பேரு ரிப்பேருதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா தொழிலுக்குப் போற நேரம் பாருங்க..."

பக்கத்தில் நின்ற ஓரகத்தி தரையைப் பார்த்தாள். கார்புரேட்டரா, முகமா என்று நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

இப்போது எந்தப் பனியிலும் வண்டி ஒரே இழுப்பில் கிளம்பிவிடுகிறது. சத்தம் கேட்டதும் ஓரகத்தி அடுப்படிக் கதவைத் திறந்துவிடுகிறாள். முன்பெல்லாம் வெயில் ஏறும் வரை உள்ளே நிற்பேன், இப்போது அதிக நேரம் நிற்க வேண்டியதில்லை. நான் பார்த்த ரிப்பேரில் எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.