அம்பத்தூரில் இரண்டு புகையடுப்புகள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கடை வாசலில் இரண்டு பெல்லட் கிரில்கள் புகைந்துகொண்டிருக்கின்றன. மரத்தூளை அழுத்திச் செய்த குச்சிகளில் எரியும் அடுப்புகள் இவை. எங்கள் மொட்டைமாடிக்கு ஒன்று வாங்கத் திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறேன். கறி எதில் நன்றாக வேகிறது என்று தெரிய வேண்டும்.

கடைக்காரர் மூடிகளைத் திறக்கிறார். இரண்டிலும் கத்திரிக்காய்.

“புரட்டாசி சார். கறி வெச்சா ஊட்ல சோறு கெடைக்காது. இத்த வெச்சே பாத்துக்கங்க.”

நான் காலண்டரைப் பார்க்காமல் பஸ் ஏறியிருக்கிறேன்.

இரண்டையும் தின்று பார்க்கிறேன். பெரிய அடுப்பில் வெந்தது ஒரு படி மேல் என்று தோன்றுகிறது. உள்ளேயிருந்து வந்த அவர் மனைவியும் ருசி பார்க்கிறார்.

“கேஸ் அடுப்புல சுட்டாலும் இப்டித்தான் இருக்கும்.”

கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. “இன்னா சார், எத்த எடுக்கறீங்க?”

கத்திரிக்காய் எங்கே வாங்கியது என்று கேட்கிறேன்.