சவுண்டருக்குக் கட்டிய துண்டு

தந்திக் கருவியின் சத்தம்தான் என் மகளின் காலுக்குள் புகுந்துகொண்டது என்று ஒரு காலத்தில் நம்பினேன். சிரிக்காதீர்கள், தம்பிமார்களே. நாற்பது வார்த்தைத் தந்தியைப் பிழையில்லாமல் வாங்கிய ஆள்தான் இதையும் நம்பினேன்.

காவிரிக்கரையில் சின்னத் தபாலாபீஸ். முன்னறை ஆபீஸ், பின்னறை வீடு. மனைவி இறந்து ஒரு வருஷம். மகள் பாவாயிக்கு ஐந்து வயது. தட்டில் ஒரு கவளம் தின்றால் அடுத்த கவளம் தெருவில். ஒருநாள் கோந்துச் சட்டியோடு ஓடி, ஸ்டாம்பு வாங்க வந்தவர் வேட்டியில் கவிழ்த்தாள். அடித்தும் பார்த்தேன், அழுதுகொண்டே ஓடினாள். யாரிடம் யோசனை கேட்டாலும், தாயில்லாப் பிள்ளை அப்படித்தான் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள்.

எடப்பாடியில் தறி வைத்திருந்த என் மச்சான், மனைவியின் அண்ணன், கார்டு போட்டார்: வெள்ளிக்கிழமை வருகிறேன், பிள்ளை அடங்காவிட்டால் கூட்டிப்போகிறேன்.

அவளை அனுப்ப எனக்கு மனமில்லை. தந்தியைத் தட்டிச் சொல்லும் சவுண்டரில், வியாழன் மாலையே ஈரத்துண்டைச் சுற்றிக் கட்டினேன். சத்தம் நின்றால் கால் நிற்குமாம். என் வைத்தியம்.

வெள்ளியன்று அவள் என்றைக்கும் இல்லாத ஓட்டம் ஓடினாள். மச்சான் தலைப்பாகையை இழுத்தாள், தபால் பையின் மேல் ஏறிக் குதித்தாள். அவர் கோபப்படவில்லை.

"மாப்ள, உங்களக் குத்தஞ் சொல்லலீங்க. எங்கூட்டுல பொம்பளைங்க நாலு பேரு இருக்கறாங்க."

அந்நேரம் பஸ் கண்டக்டர் நாமக்கல் தந்தி ஆபீஸ் எழுதிக் கொடுத்த சீட்டைக் கொண்டுவந்தார். காலையிலிருந்து கூப்பிடுகிறோம், உயிரோடு இருக்கிறீரா என்று கேட்டிருந்தார்கள். ஓடிப்போய்த் துண்டை அவிழ்த்தேன். கட்டுக்கட என்றது சவுண்டர்.

பாவாயி வந்தாள். மேசை விளிம்பில் தாடையை வைத்து, செய்தி முடியும்வரை அசையாமல் நின்றாள்.

மச்சான் மெல்லக் கேட்டார். "எப்பவும் இப்படி நிப்பாளுங்களா?"

"தெரியலீங்க மச்சான்."

உண்மைதான். தந்தி வாங்கும்போது என் கண் காகிதத்தில்தான் இருக்கும். அவளைப் பார்த்ததே இல்லை.

விட்டுட்டுப் போங்க என்று சொல்லியிருக்கலாம். இரவெல்லாம் அதற்கான பேச்சைத் தயாரித்து வைத்திருந்தேன். ஆனால் கையில் நாமக்கல் சீட்டு இருந்தது; பிள்ளையையும் ஆபீஸையும் சேர்த்துப் பார்க்க என்னால் ஆகாது என்று பட்டது. "நாலு மணிக்குப் பஸ்ஸுங்க" என்று சொன்னேன்.

தம்பிமார்களே, ஒரு சத்தத்தை நிறுத்துமுன் அதை யார் கேட்கிறார்கள் என்று பாருங்கள். வேலையில் நான் கற்றது இவ்வளவே.

நாலு மணிப் பஸ்ஸில் அவள் போனாள். மறுநாள் காலை நாமக்கல் கூப்பிட்டது. பதினோரு வார்த்தை. எழுதி முடித்து நிமிர்ந்தேன். மேசை விளிம்பில் யாரும் இல்லை.