துப்பாக்கியும் பிரியாணிக் கரண்டியும்

சவூதியின் தம்மாமில் இன்று வெள்ளிக்கிழமை, டியூட்டி இல்லை. ரூமில் ஆறு பேரும் உட்கார்ந்து ஒரு பழைய கௌபாய் படம் பார்த்தோம். துப்பாக்கியே வேண்டாம் என்று ஒதுங்கி விவசாயம் பார்க்கிறவனை, ஊர் ரவுடிகள் சீண்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

"எடுத்துச் சுடுடா!" என்று கத்தினேன்.

"வேணாம்னு வச்சவன ஏன்டா தூண்டி விடுற?" என்றார் முருகேசன் அண்ணன்.

அண்ணன்தான் எங்கள் ரூமின் பிரியாணி மாஸ்டர். போன வெள்ளி, "உப்பு கொஞ்சம் கம்மிண்ணே" என்று நான் வாய்தவறிச் சொன்னதிலிருந்து கரண்டியைத் தொடவே இல்லை. அதனால் இன்று என் சமையல். பிரியாணியைத் தம்மில் போட்டுவிட்டுத்தான் படத்துக்கு வந்திருந்தேன்.

நாயகன் கடைசியில் பெட்டியைத் திறந்து துப்பாக்கியை எடுத்தான். அதே நேரம் கிச்சனிலிருந்து கருகல் வாடை வந்தது.

அண்ணன் மெதுவாக எழுந்தார். லுங்கியை மடித்துக் கட்டினார்.

"கலாஸ், முடிஞ்சுது. தள்ளுடா."

ஒரு மணி நேரத்தில் புதுப் பிரியாணி. நான் முதல் வாய் வைத்ததும், கரண்டியோடு எதிரே வந்து நின்றார்.

"உப்பு எப்படி இருக்கு?"

இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிவிட்டேன்.

சமைப்பவரிடம் உப்பைப் பற்றிப் பேசிவிட்டு அதே ரூமில் நிம்மதியாக இருப்பவர்கள் யாராவது உண்டா? கமெண்டில் வாருங்கள், கும்பிட்டுக்கொள்கிறேன்.